ஜப்பானியக் கொடிக்கூடையில் கோளாறா? எந்தக் கொடி என்பதிலிருந்து தொடங்குங்கள்

நான் முதலில் கெடுத்தது அரிசி களையும் கூடையை. ஃபுகுஷிமா மாகாணத்தின் மேற்கே ஐஸுவகமட்ஸுவில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலம் அது. வெள்ளைவெளேரென்று, வட்டமாக, கையில் எடுத்தால் எடையே தெரியாத கூடை. இவ்வளவு அழகான பொருளைத் தண்ணீரில் போட மனசு வரவில்லை. வெங்காயம் போட்டு, மண்ணெண்ணெய் ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். மார்ச்சில் எடுத்தபோது விளிம்பில் மூன்று இழைகள் படக் படக்கென்று ஒடிந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தண்ணிக்குன்னே பிறந்ததும்மா, இப்படிக் காயப்போட்டுட்டியே" என்றார்.

அந்தப் பேச்சு மனதில் பதிந்துவிட்டதால், அடுத்த கோடையில் வேறொரு கூடையைத் தொட்டியில் முக்கி நன்றாகக் கழுவினேன். அது அகேபிக் கொடியில் முடைந்த பை. பத்து நாளில் அடிப்பக்கம் முழுக்கப் பூசணம். இரண்டையுமே கடையில் "கொடிக்கூடை" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றைக் காப்பாற்றும் தண்ணீரே இன்னொன்றைக் கெடுக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் கூடையைக் கையில் எடுத்து, அது எந்தச் செடியில் ஆனது என்று பாருங்கள்.

எந்தக் கொடி என்று கண்டுபிடிப்பது

இழை உருண்டையாக, பழுப்பு நிறமாக, ஆங்காங்கே கணுவோடு இருந்தால் பெரும்பாலும் அகேபி. ஊதா நிறப் பழம் பழுத்து வெடிக்கும் கொடி இது. மரத்தில் சுற்றி ஏறும் கொடி முறுக்கிக்கொண்டு வளர்வதால் கூடைக்கு ஆகாது. தரையோடு நேராக ஓடும் கொடியைத்தான் எடுத்துக் காய வைத்து, முடையும் முன் பல நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். வடக்கே அவோமோரி மாகாணத்தின் ட்ஸுகரு பகுதி இதற்குப் பேர்போனது. நாகானோ மாகாணத்தில் நோஸாவா வெந்நீரூற்று ஊரில் சக்கரம் வைத்த புறா பொம்மையையும் இதே கொடியில்தான் முடைகிறார்கள்.

இழை தட்டையாக, நாடா போல, தோல் பட்டையைத் தொடுவது மாதிரி இருந்தால் யமபுடோ, அதாவது காட்டுத் திராட்சை. இதில் கொடியை அப்படியே முடைவதில்லை, அதன் பட்டையைத்தான் உரித்து எடுக்கிறார்கள். ஜூன் மத்தியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை, கொடி தண்ணீரை நன்றாக இழுக்கும் சில வாரங்களில்தான் பட்டை சுலபமாக உரிந்து வரும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். விலை கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இழை மெல்லிய வெள்ளைச் சீவலாக இருந்து, நீர் வடியும்படி இடைவெளி விட்டுப் பின்னியிருந்தால் மத்தத்தாபி. இலையுதிர்காலக் கடைசியில், அந்த ஆண்டு வளர்ந்த தண்டை வெட்டி, நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு முடைவார்கள். முடிந்த கூடைகளைக் குளிர்காலக் கடைசியில் பனியிலும் வெயிலிலும் வைத்து வெளுக்க விடுவார்கள். கன்ஸராஷி என்று இதற்குப் பெயர்.

எங்கள் ஊரிலிருந்து தடாமி ரயில் பாதையில் போனால் வரும் மிஷிமா என்ற சின்ன மலையூரில், யமபுடோ, மத்தத்தாபி இரண்டையும் முடைகிறார்கள். ஹிரோரோ என்ற கோரை போன்ற புல்லைக் கயிறாகத் திரித்துச் செய்யும் பைகளும் அங்கே உண்டு. ஒகு-ஐஸு முடைவேலை என்று இவற்றுக்கு 2003இல் நாட்டின் மரபுக் கைவினை என்ற அங்கீகாரம் கிடைத்தது. உங்கள் பை கயிற்றுப் பின்னல் மாதிரி, லேஸ் போல இருந்தால் அது ஹிரோரோவாக இருக்கலாம். கொடி இல்லையென்றாலும் அதையும் அகேபி மாதிரியே ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக மனதில் வைக்க வேண்டியது: மத்தத்தாபி தண்ணீரோடு புழங்கும் கூடை. அகேபியும் யமபுடோவும் உலர்ந்த புழக்கத்துக்கு. சரி, இனி அறிகுறிகள்.

வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறது. மக்கிய வாடை வருகிறது

அதிகம் பேர் சிக்குவது இதில்தான். இங்கே ஜூன் மத்தியிலிருந்து ஜூலைக் கடைசி வரை ட்ஸுயு என்ற மழைக்காலம். வீட்டுக்குள் சுவரே வியர்க்கிற மாதிரி இருக்கும். அந்த நாட்களில் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறையோடு வைத்த கூடையில் பூசணம் பூக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். புதுக் கூடையில் வெளிறிய தூள் போல இருப்பது பட்டைத் துகளாகவும் இருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தால், துகள் உதிர்ந்து போகும். பூசணம் இழுபட்டுக் கறை மாதிரிப் பரவும், வாடையும் வரும்.

பூசணம்தான் என்றால் கூடையை வீட்டுக்குள் தட்டாதீர்கள். பால்கனிக்கோ வாசலுக்கோ எடுத்துப் போங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். நார்த் தூரிகையால், நனைக்காமல், இழை ஓடும் திசையிலேயே தேய்த்து உதிருங்கள். குறுக்கே தேய்த்தால் பட்டை பிசிறும். இங்கே இதற்கு எல்லா வீட்டிலும் இருப்பது கமேனோகோ தவாஷி. 1907இல் வந்த, ஆமை வடிவிலான தேய்ப்பான். அது தேங்காய் நார்தான், அதுவும் இலங்கையிலிருந்து வருகிற நார். கடையில் அட்டையைத் திருப்பிப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் நாரும் இதற்குப் போதும், புதிதாக, எண்ணெய் படாததாக இருக்க வேண்டும்.

உதிர்த்த பிறகு, மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமிநாசினி எத்தனாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கூடை மேல் நேராகத் தெளிக்க வேண்டாம். ஒரே இடத்தில் ஊறித் திட்டு விழும். கூடையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் துடைத்து, நிறம் மாறவில்லை என்று பார்த்த பிறகே மற்ற இடங்களுக்குப் போங்கள். தோல் கைப்பிடி, வார்னிஷ் பூசிய பகுதி இவற்றில் படக்கூடாது. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும்.

அப்புறம் காற்று. நிழலில், எல்லாப் பக்கமும் காற்றுப் போகும்படி, தரையில் வைக்காமல் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்பது உண்மை. ஆனால் மேல்பக்கம் மட்டும் சுருங்கி, உள்பக்கம் ஈரமாகவே இருக்கும். இழையில் வெடிப்பு விழுவது அப்படித்தான். மழைநாளாக இருந்தால் மின்விசிறி போதும்.

பிளீச்சிங் கரைசலைத் தொடவே வேண்டாம். கறை போகலாம், கூடவே நாரையும் அரித்துவிடும். ஆறு மாதம் கழித்துக் கூடை பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

மத்தத்தாபிக் கூடையில் பூசணம் வந்தால் முறை வேறு. அதைத் தண்ணீரிலேயே தேய்த்துக் கழுவி, அன்றே காற்றில் தொங்கவிடலாம். கறுப்புப் புள்ளிகள் இழைக்குள் இறங்கியிருந்தால் அவை போகாது. அப்படிப் புள்ளி விழுந்த கூடையில் நான் அரிசி களைவதில்லை. அதைப் பூண்டு, வெங்காயத்துக்கு ஒதுக்கிவிட்டேன், ஆறு வருடமாக ஓடுகிறது.

இதில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றது எல்லாம் தானாகப் புரியும். அவோமோரியில் சன்னாய் மருயாமா என்ற தொல்லியல் இடத்தில், ஜோமோன் காலத்துச் சின்னஞ்சிறு கூடை ஒன்று கிடைத்தது. மரப்பட்டையில் முடைந்தது, உள்ளே ஒரு வால்நட் ஓடும் இருந்தது. சுமார் 5000 ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் கூடை, ஈரச் சேற்றுக்குள் கிடந்ததால்தான் பிழைத்தது. அங்கே ஈரம் இருந்தது, காற்று இல்லை, அதனால் பூசணத்துக்கு வழியில்லாமல் போயிற்று. நம் வீட்டில் சேற்றில் புதைக்க முடியாது. மறுபக்கம், ஈரம் தங்காமல் காற்று ஓட விடுவதுதான் நமக்குள்ள வழி. ஈரமும் தேங்கிய காற்றும் சேரும் இடம்தான் ஆபத்து. கூடையை வைக்கும் இடத்தை இந்த ஒரு கேள்வியோடு பாருங்கள்: இங்கே காற்று நகர்கிறதா?

சென்னை போன்ற கடலோர ஊருக்கு இந்தக் கூடையைக் கொண்டு போனவர்கள் அலமாரிக்குள் வைக்காமல் ஆணியில் மாட்டி வைப்பது நல்லது. பாச்சா உருண்டை போட்டு மூடி வைத்தால் பூசணமும் நிற்காது, அந்த நாற்றமும் கூடையை விட்டுப் போகாது.

இழை ஒடிகிறது, விளிம்பு வெடிக்கிறது

மத்தத்தாபியாக இருந்தால் காரணம் அனேகமாக ஒன்றுதான்: காய்ந்த கூடையில் வேலை வாங்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முன் தண்ணீரில் முக்கி, ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். இழை நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடும். அரிசியும் உடையாது, விரலிலும் குத்தாது. ஸ்டீல் வடிகட்டியில் களையும்போது கை எரிவது இதில் இல்லை. அந்த மென்மைக்காகத்தான் இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக அரிசிக்கு மத்தத்தாபியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் உதறி, ஜன்னலோரம் நிழலில் மாட்டுங்கள். சோப்பு வேண்டாம், பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம், சிங்க்கில் இரவு முழுக்க ஊறப்போடவும் வேண்டாம்.

ஏற்கெனவே காய்ந்து விறைத்த கூடையை ஒரேயடியாக வளைத்துப் பார்க்காதீர்கள். சாதாரணத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடக்கட்டும். நான் ஒடித்தது போன்ற விளிம்பு ஒட்டாது, ஆனால் மீதி இழைகள் மறுபடி உயிர் பெறும்.

யமபுடோ வெடிப்பதற்குக் குளிர்கால ஹீட்டர்தான் பெரும்பாலும் காரணம். கூடையை அங்கிருந்து நகர்த்துவதுதான் முதல் சிகிச்சை. பிறகு தண்ணீரைப் பனிப்புகை மாதிரித் தெளித்து, துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் விடுங்கள். வறண்ட மாதங்களில் எப்போதாவது ஒருமுறை இப்படிச் செய்யலாம்.

வால்நட் எண்ணெய் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். யமபுடோவுக்குப் போடும் வழக்கம் உண்டு. வால்நட் பருப்பைப் பருத்தித் துணியில் முடிந்து, நசுக்கி, அதில் கசியும் அளவு எண்ணெயால் மட்டும் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். பாட்டிலிலிருந்து ஊற்றினால் பிசுபிசுப்பும் தூசியும் பிறகு பூசணமும்தான் மிச்சம். என் கருத்தைக் கேட்டால், தினமும் கையில் எடுத்துப்போகும் பைக்கு எண்ணெயே தேவையில்லை. உள்ளங்கை படப் படத் தானாக மினுமினுப்பு ஏறும். பாட்டியின் யமபுடோப் பை கைப்பிடி நாவற்பழம் போலப் பளபளக்கிறது, அவர் ஒரு நாளும் எண்ணெய் தொட்டதில்லை. அகேபிக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

உடையில் மாட்டி இழுக்கிறது. கையில் சிராய் ஏறுகிறது

கம்பளிச் சட்டையும் சேலையும் இதில் அடிக்கடி சிக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். யமபுடோப் பட்டை அடுக்கடுக்காக உரியும் தன்மையுள்ளது. ஒரு மயிரிழையை இழுத்தால் விரல் அகலத்துக்கு உரிந்து வரும். கூர்மையான சின்னக் கத்தரியால் இழையோடு ஒட்ட வெட்டுங்கள்.

அகேபியில் நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் கொடியின் முனை. முடைபவர் பின்னலுக்குப் பின்னால் செருகி மறைத்திருப்பார், நாளாவட்டத்தில் நழுவி வெளியே வந்திருக்கும். அந்த இடத்தை ஈரத்துணியால் சிறிது நேரம் மூடி, இளகியதும் முனையை மறுபடி உள்ளே தள்ளுங்கள். நீளம் போதவில்லை என்றால் சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய முனை குறுக்கே நிற்கும் ஓர் இழையின் மேல் சாய்ந்து நிற்க வேண்டும். அதற்கும் உள்ளே வெட்டிவிட்டால் பின்னல் அவிழத் தொடங்கும்.

சிலர் தீக்குச்சியால் பிசிறைப் பொசுக்குவார்கள். பழகிய கைக்குச் சரி, வீட்டில் நாம் செய்ய வேண்டாம். உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணியால் உறை தைத்துப் போட்டால், உள்ளே வைக்கும் துணிமணிக்குப் பயமில்லை.

வெள்ளைச் சட்டையில் நிறம் ஒட்டுகிறது

புதிய யமபுடோவில், அதுவும் மழையில் நனைந்தால், பட்டையின் பழுப்பு இறங்கும். நன்றாகப் பிழிந்த துணியால் கூடை முழுக்கத் துடையுங்கள், துணியில் நிறம் படுவது குறையும் வரை சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்யுங்கள். முதல் ஆண்டு வெளிர் நிற உடையோடு எடுத்துப் போக வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு புகார்: எங்கோ ஓரிடத்தில் மட்டும் கறுப்புத் திட்டு. ஈரமான கூடையை இரும்புக் கொக்கியில் மாட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் திட்டு போகாது. கொக்கியை மாற்றுங்கள், மரமோ கயிறோ போதும்.

மழையில் நனைந்துவிட்டது

பதற வேண்டாம். உடனே துடையுங்கள், உள்ளே அச்சில்லாத வெள்ளைத் தாளைக் கசக்கித் திணித்து வடிவம் பிடிக்க வையுங்கள், தாள் ஈரமானால் மாற்றுங்கள், நிழலில் விடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை வெளிர் இழையில் ஏறும். ஹேர் டிரையரும் வேண்டாம்.

ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, வாய் கோணிவிட்டது, அடி ஆடுகிறது

முடையும்போது ஈரத்தால் வளைந்த கொடி, மறுபடி ஈரம் பட்டால் மறுபடி வளையும். இந்தக் குணத்தைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம், அதனால் இது பயப்பட வேண்டிய கோளாறே இல்லை.

கோணிய பகுதியின் இருபுறமும் தண்ணீர் தெளித்து, பிழிந்த துண்டால் மூடி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். தடித்த அகேபிக் கொடிக்கு இன்னும் நேரம் தேவைப்படலாம். விரலால் அழுத்தினால் விட்டுக்கொடுக்கிறது என்று தெரிந்த பிறகு, உலர்ந்த துண்டுகளை உள்ளே அடைத்து, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். வாய் விரிந்திருந்தால் வெளியே பருத்தித் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டுங்கள். மெல்லிய கயிறு தடம் பதிக்கும். அப்படியே நிழலில், முழுக்க உலரும்வரை. அவசரப்பட்டுப் பாதியில் அவிழ்த்தால் பழைய கோணலுக்கே திரும்பும். இதைச் செய்தவர்கள் பலர் "சரியாகவில்லை" என்று சொல்வது இந்தப் பொறுமைக் குறைவால்தான். நான் குறைந்தது மூன்று நாள் விடுகிறேன், மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்குவதே இல்லை.

அடி ஆடினால் அடியை மட்டும் ஈரமாக்கி, சமதரையில் வைத்து, உள்ளே ஒரு பலகையும் அதன்மேல் புத்தகங்களும் ஏற்றுங்கள். கூடைக்கு அடியில் உலர்ந்த துண்டு ஒன்று இருக்கட்டும்.

சரிசெய்த ஒரு மாதத்தில் மறுபடியும் சாய்ந்தால், கூடையை விட்டுவிட்டு அதில் என்ன வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே பக்கம் தண்ணீர் பாட்டில், ஒரே தோளில் மாட்டுவது, ஒற்றை ஆணியில் எப்போதும் ஒரே இடத்தைப் பிடித்துத் தொங்கவிடுவது, இப்படி ஏதோ ஒன்று இருக்கும்.

கூடைக்கு அடியில் மெல்லிய மாவு. இழையில் குண்டூசித் துளை

இது உளு. மரச்சாமானை உளுக்க வைக்கும் வண்டின் வகையறா. துளையைப் பார்த்ததும் அந்தக் கூடையை மற்றவற்றிலிருந்து தனியாக எடுத்து வையுங்கள்.

சின்னக் கூடையாக இருந்தால் உறைபெட்டிதான் நல்ல வழி. முற்றிலும் உலர்ந்த கூடையை தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். அருங்காட்சியகங்களிலும் பழைய கூடை, துணி இவற்றுக்குக் குளிரால் பூச்சி கொல்லும் இந்த முறையைக் கையாள்கிறார்கள். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும். முன்னதாகத் திறந்தால் குளிர்ந்த கூடையில் ஈரம் பூத்து, உளுவைக் கொன்று பூசணத்தை அழைத்து வந்த கதையாகிவிடும். பிறகு துளைகளிலிருந்து மாவைத் தூரிகையால் தட்டி, வெள்ளைத் தாளின் மேல் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். தாளில் புது மாவு விழவில்லை என்றால் முடிந்தது.

பழமோ ரொட்டியோ வைக்கும் கூடை என்றால் பூச்சி மருந்து தெளிக்க நினைக்கவே வேண்டாம். பின்னல் இடுக்கில் தங்குவதைக் கழுவி எடுக்க முடியாது.

பூனை கடிக்கிறது

வீட்டில் பூனை இருந்து, கூடை மத்தத்தாபியாக இருந்தால், பூனை மேல் தப்பில்லை. இந்தச் செடி பூனைகளை மயக்குவது. இதன் குச்சிகளைப் பூனைக்கென்றே கடையில் விற்கிறார்கள். அதிலுள்ள நெபெடலாக்டால் என்ற பொருள்தான் காரணம் என்றும், பூனைகள் அதில் புரள்வதால் கொசுக்கடி குறைகிறது என்றும் இவாடே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் எழுதினார்கள். ஆக, கூடையை உயரத்தில் மாட்டுங்கள். வேறு வைத்தியம் இல்லை.

கோளாறு என்று நினைத்து மாற்ற வேண்டாதவை

நிறம் கருப்பது. மத்தத்தாபி தேன் நிறத்துக்கும், யமபுடோ கரும்பழுப்புக்கும் போவது வயதின் அழகு. அதை வெளுக்க முயன்றவர்கள் கூடையை இழந்ததுதான் மிச்சம். ஒரே கூடையில் கொடி ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பது, கணு தெரிவது, புதுக் கூடையைத் தூக்கும்போது கிறீச்சென்று சத்தம் வருவது, இவையும் அப்படியே. காட்டில் வளர்ந்ததைக் காட்டில் வளர்ந்தபடியே முடைந்திருக்கிறார்கள்.

இழை அறுந்துவிட்டது, கைப்பிடி விட்டுவிட்டது

இங்கே ஓர் எல்லைக்கோடு வேண்டும். கூடையைச் சுற்றி ஓடும் இழை ஒன்று அறுந்திருந்தால் வீட்டில் முயலலாம். அதே தடிமனுள்ள அகேபிக் கொடியோ, கிடைக்காவிட்டால் மெல்லிய பிரம்போ எடுத்து, ஊறவைத்து, அறுந்த இடத்துக்கு இருபுறமும் செங்குத்தாக நிற்கும் இழைகளில் மூன்றையாவது தாண்டிப் பழைய இழையோடு சேர்த்து ஓட்டுங்கள். பழையது போன வழியிலேயே, மேலும் கீழுமாக. முனைகளை உள்பக்கம் விடுங்கள். உலர்ந்த பிறகு வெட்டுங்கள், ஏனென்றால் உலரும்போது இழை சுருங்கும். பசை போடாதீர்கள். பசை பட்ட இடம் விறைத்து நிற்க, பக்கத்து இழைகள் அசைந்து அசைந்து அங்கேயே அறும். பிறகு பழுது பார்ப்பவருக்கும் அந்தப் பசை தலைவலி.

செங்குத்தாக நிற்கும் இழை, வாயைச் சுற்றிய கட்டு, கைப்பிடியின் அடி ஆகிய மூன்றில் எது விட்டாலும் முடைந்தவரிடம் அனுப்புவதுதான் சரி. எடை முழுக்கத் தாங்குவது அவைதான். முடைபவர்களில் பலர் தாங்கள் செய்த கூடையைப் பழுது பார்த்துத் தருகிறார்கள். யாரிடம் வாங்கினோம் என்று நினைவில்லாதவர்கள், ஜூனில் மிஷிமாவில் நடக்கும் கைவினைஞர் திருவிழாவுக்குக் கூடையையே எடுத்துக்கொண்டு போகலாம். பின்னலைப் பார்த்து யார் கைவேலை என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். என் ஒடிந்த அரிசிக் கூடையையும் அப்படித்தான் கொண்டு போனேன். விளிம்பைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார் ஒரு பெரியவர். புதிய இழை வெள்ளையாக, பழையது தேன் நிறமாக, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இப்போது ஐந்து வருடம் ஆகிறது, எது புதிது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தபாலில் அனுப்புவதென்றால், கூடையைத் துடைத்து நன்றாக உலர்த்தி, தாளில் சுற்றி, அழுத்தம் படாத பெட்டியில் வையுங்கள். ஒடிந்த துண்டுகளைத் தூக்கிப்போடாமல் ஓர் உறையில் சேர்த்து அனுப்புங்கள். தடிமனுக்கும் நிறத்துக்கும் பொருத்தம் பார்க்க அவருக்கு அது வேண்டும். கடிதத்தின் முதல் வரியில் எந்தக் கொடி என்று எழுதுங்கள். இரண்டாவது வரியில், தண்ணீர் பட்டதா, எண்ணெய் போட்டீர்களா, எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.